தூண்டிலில் மகசீர் மாட்டினால் என்ன செய்வது

2008 சித்திரையில் பவானி ஆற்றில் என் தூண்டிலில் ஒரு மகசீர் மாட்டியது. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய ஆற்றுமீன் அது. அது என் கையில்தான் செத்தது. கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த மீனுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கோபிசெட்டிப்பாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாயும் ஊர். எட்டு வயதில் அப்பாவோடு மூங்கில் கழியும் மண்புழுவுமாக ஆற்றுக்குப் போகத் தொடங்கினேன். எங்களுக்குக் கிடைப்பதெல்லாம் ஜிலேபி, ரோகு, கட்லா, எப்போதாவது ஒரு விரால். அன்றைக்கும் ரோகுவுக்குத்தான் கேழ்வரகுக் களியை உருட்டிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். வாய்க்கால் அடைத்த காலம். ஆறு ஒடுங்கி, பாறைகளுக்கு நடுவே மடுக்களில் மட்டும் ஆழமாகத் தண்ணீர் நின்றது. காலை பதினொரு மணி வெயில். தக்கை ஆடக்கூட இல்லை, நேராக அமிழ்ந்தது. அடுத்த நொடி தூண்டில் நரம்பு விரலை அறுத்துக்கொண்டு ஓடியது.

அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தேன். மெல்லிய நரம்பு என்பதால் அறுந்துவிடுமோ என்று பயந்து விட்டுவிட்டு இழுத்தேன். கடைசியில் சுடுபாறை மேல் கொண்டுவந்து போட்டபோது என் கைநீளம் இருந்தது. ஒவ்வொரு செதிலும் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிது. அக்கரையில் துணி துவைத்தவர்கள், பரிசல்காரர், ஆடு மேய்த்த பையன்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஆளாளுக்குத் தூக்கிப் பார்த்தார்கள். நண்பர் ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்தார். "விட்டுவிடு கண்ணு, இது பூமீன். எங்கப்பன் காலத்தில் பார்த்தது" என்று பரிசல்காரப் பெரியவர் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீரில் விட்டேன். மல்லாந்து மிதந்தது. நிமிர்த்திவிட்டேன், மறுபடியும் மல்லாந்தது. சாயங்காலம் அது குழம்பானது. நானும் சாப்பிட்டேன்.

பல ஆண்டுகள் கழித்து மீன்களை ஆராயும் ஒருவரிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். படத்தில் என் சிரிப்பு தெளிவாக இருந்தது. மீனின் தலை பாதி இருந்தது. துடுப்புகள் என் உள்ளங்கைக்குள் மூடியிருந்தன. "மகசீர் என்பது உறுதி. எந்த மகசீர் என்று சொல்ல முடியாது" என்றார். மீன் செத்ததைவிட அந்தப் பதில்தான் என்னை அதிகம் வாட்டியது. அது ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் பொருள்படும்.

எந்த மகசீர் என்ற கேள்வி

காவிரிப் படுகையில் இன்று இரண்டு வகை மகசீர்களைப் பற்றித்தான் பேச்சு. ஒன்று இந்தப் படுகைக்கே உரியது, திமில் மகசீர். தலைக்குப் பின்னால் முதுகு திமில்போல் எழும்பி நிற்கும். துடுப்புகளும் வாலும் ஆரஞ்சு நிறம். உலகிலேயே மிகப் பெரிதாக வளரும் மகசீர்களில் ஒன்று. 1946இல் கபினி ஆற்றில் வான் இங்கன் என்பவர் தூண்டிலில் பிடித்தது 120 பவுண்டு, ஏறத்தாழ 54 கிலோ. இவ்வளவு புகழ்பெற்ற மீனுக்கு நெடுங்காலம் அறிவியல் பெயரே தெளிவாக இல்லை. கேரளத்துச் சின்னாறு காட்டில் ஓடி நம் அமராவதிக்கு வரும் பாம்பாற்றில் கிடைத்த மகசீருக்கு, மீனியல் அறிஞர் ரெமாதேவியின் பெயரால் 'டோர் ரெமாதேவி' என்று பெயர் வைத்திருந்தார்கள். காவிரியின் திமில் மகசீரும் அதே இனம்தான் என்று 2018இல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். அதே ஆண்டு சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 'மிகவும் அழியும் ஆபத்திலுள்ள' இனமாக அது சேர்க்கப்பட்டது. காட்டில் அற்றுப்போவதற்கு முந்தைய படி அது.

இன்னொன்று நீலத்துடுப்பு மகசீர். தக்காணத்தின் மீன். மகாராஷ்டிரத்தில் லோணாவாலாவில் டாடா மின் நிறுவனத்தின் பண்ணையில் பெருக்கப்பட்ட குஞ்சுகள் பல மாநிலங்களின் நீர்நிலைகளுக்குப் போயின. காவிரியிலும் விட்டார்கள். நல்லெண்ணத்தில் செய்த வேலைதான். ஆனால் வந்த மீன் பெருகியது, இருந்த மீன் குறைந்தது.

இது எப்படித் தெரியவந்தது என்பதுதான் தூண்டில் போடும் நாம் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. கர்நாடகத்தில் காவிரிக் கரையில் காலிபோர் என்ற இடத்தில் தூண்டில் முகாம் ஒன்று இருந்தது. பிடித்த மீனை அளந்து, எழுதி, ஆற்றிலேயே விட்டுவிடுவது அங்கே வழக்கம். 1998 முதல் 2012 வரையிலான அந்தப் பதிவுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மகசீர்கள் இருந்தன. ஆய்வாளர்கள் அவற்றை அலசியபோதுதான் திமில் மகசீர் கண்ணெதிரே மறைந்துகொண்டிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. தூண்டில்காரர்கள் நோட்டில் எழுதிய வரிகள் இல்லாவிட்டால் அந்தச் சரிவுக்குச் சாட்சியே இருந்திருக்காது.

மோயாறு எங்கள் பவானி ஆற்றின் பவானிசாகர் அணையில்தான் வந்து சேர்கிறது. திமில் மகசீர் இன்னும் எஞ்சியிருக்கும் மிகச் சில இடங்களில் அந்த மோயாறும் ஒன்று. 2008இல் என் கைக்கு வந்தது அதன் உறவா, வெளியிலிருந்து விட்ட மீனா? என் உள்ளங்கை மூடியிருந்ததால் அந்தக் கேள்விக்கு இனி விடை இல்லை.

வீட்டிலேயே செய்ய வேண்டியவை

அரிய மீன் சொல்லிக்கொண்டு வராது. அதனால் ஜிலேபிக்குப் போகும் நாளிலும் மகசீருக்குப் போவதுபோல்தான் போக வேண்டும்.

முதல் வேலை, தூண்டில் முள். முனைக்குப் பின்னால் திரும்பி நிற்கும் அந்தச் சிறு கூர்ப்பகுதியைக் குறடால் அழுத்தி மட்டமாக்கிவிடுங்கள். மீன் நழுவிவிடுமே என்பார்கள். நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் நழுவாது. பதினைந்து ஆண்டுகளாக அப்படித்தான் போடுகிறேன். அந்தக் கூர் இருந்தால் முள்ளைக் கழற்ற இரண்டு நிமிடம், வாயெல்லாம் கிழிசல். இல்லாவிட்டால் ஒரு திருப்பில் வந்துவிடும். உங்கள் கட்டைவிரலில் ஏறினாலும் அப்படியே கழன்று வரும்.

இரண்டாவது, நரம்பு. மெல்லிய நரம்பில் பெரிய மீனைப் பிடிப்பது திறமை என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மெல்லிய நரம்பென்றால் இழுபறி நீளும். இழுபறி நீண்டால் மீனின் தசையில் அமிலம் ஏறும், கரைக்கு வரும்போதே பாதி உயிர் போயிருக்கும். என் மீன் பாறையில் சாகத் தொடங்கவில்லை, அந்த அரை மணி நேரத்திலேயே தொடங்கிவிட்டது. ஆற்றுக்கு இப்போது நான் கொண்டுபோவது முன்பு வைத்திருந்ததைப்போல் இரண்டு மடங்கு தாங்கும் தங்கூசி நரம்பு. மடுவில் பாறை அதிகம், கனமான நரம்பு அதற்கும் நல்லது. அறுந்த நரம்பை இழுத்துக்கொண்டு திரியும் மீனைப் போலக் கொடுமை வேறில்லை.

மூன்றாவது, கழியிலேயே அளவுகோல். கைப்பிடியின் அடியிலிருந்து பத்துப் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று வெள்ளை மின்சார டேப் ஒட்டிவிடுங்கள். மீனை எங்கும் தூக்கிப்போக வேண்டாம், கழியை அதன் பக்கத்தில் தண்ணீரில் வைத்தால் போதும். இதோடு ஒரு குறடு, ஒரு சிறு நோட்டு, கைப்பேசிக்குத் தண்ணீர் புகாத உறை. கைவலை வாங்குவதானால் முடிச்சில்லாத ரப்பர் வலையாகப் பாருங்கள். முடிச்சு வலை செதிலையும் துடுப்பையும் அறுக்கும்.

எந்த இடத்தில் போடலாம் என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். புலிகள் காப்பகத்துக்குள்ளும் சரணாலயத்துக்குள்ளும் ஓடும் ஆற்றில் தூண்டில் கூடாது. மோயாற்றின் பெரும்பகுதி முதுமலை, சத்தியமங்கலம் காப்பகங்களில்தான் இருக்கிறது. வெளியே உள்ள ஆற்றுப் பகுதியிலும் அணையிலும் மீன்பிடி உரிமை குத்தகையில் இருக்கலாம், மீன்வளத் துறையிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

கோடை நண்பகலில் நான் இப்போது தூண்டிலை எடுப்பதே இல்லை. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். ஓடிக் களைத்த மீனுக்கு மூச்சு வாங்க அங்கே எதுவும் மிச்சமிருக்காது.

மாட்டியதும்

மகசீரின் முதல் ஓட்டத்தை எவரும் மறக்க மாட்டார்கள். ரோகு பாரமாக இழுக்கும், ஜிலேபி உதறும். மகசீர் பாறையை நோக்கி ஒரே மூச்சில் பாயும். அந்த ஓட்டத்தைத் தடுக்காதீர்கள், ஓடவிடுங்கள். நின்றதும் விடாமல் இழுத்து வாருங்கள். கழியைச் செங்குத்தாகத் தூக்குவதைவிடப் பக்கவாட்டில் சாய்த்து இழுத்தால் மீன் சீக்கிரம் திரும்பும்.

கரைக்குக் கொண்டுவரும்போது பாறையை மறந்துவிடுங்கள். முழங்கால் அளவு தண்ணீரில் நீங்கள்தான் இறங்க வேண்டும். காலடி உறுதியான இடமா, வழுக்கலா, இழுப்பு எவ்வளவு என்று தூண்டில் போடுவதற்கு முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும். மீனுக்காக மனிதர் ஆற்றோடு போவதை நான் சொல்லித்தரவில்லை.

கை நனைந்திருக்க வேண்டும். மீனின் மேலிருக்கும் வழவழப்புதான் அதன் தோல் மருந்து. காய்ந்த கை, துண்டு, மணல் எது பட்டாலும் அது வழித்துக்கொண்டு வந்துவிடும், அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். ஒரு கை வால் தண்டைப் பிடிக்கட்டும், இன்னொரு கை நெஞ்சுத் துடுப்புகளுக்கு அடியில் தாங்கட்டும். செவுளுக்குள் விரல் போகவே கூடாது. வாயைப் பிடித்துத் தொங்கவிடுவதும் கூடாது. தண்ணீர் தாங்கி வளர்ந்த உடம்பு அது, தொங்கினால் உள்ளுறுப்பும் முதுகெலும்பும் அந்தப் பாரத்தைத் தாங்காது.

முள் உதட்டில் இருந்தால் குறடால் பிடித்து வந்த வழியே திருப்பி எடுங்கள். மகசீருக்குத் தாடையில் பல் கிடையாது, பல் எல்லாம் தொண்டைக்குள் இருக்கிறது, நத்தை ஓட்டை நொறுக்கும் பல். முள் அங்கே போயிருந்தால் தோண்டாதீர்கள். எட்டும் அளவுக்கு ஒட்ட நரம்பை வெட்டிவிட்டு மீனை விடுங்கள். ஐந்து ரூபாய் முள்ளுக்காகத் தொண்டையைக் கிழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அரை நிமிடத்தில் பார்க்க வேண்டியவை

மீன் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும், நீங்கள் குனிந்து பாருங்கள்.

வாயோரத்தில் மீசை எத்தனை? மகசீருக்கு இரண்டு ஜோடி. கட்லாவுக்கு இல்லவே இல்லை, ரோகுவுக்கு இருந்தாலும் கண்ணுக்குப் படாத சிறிய ஜோடி. சாதாக்கெண்டைக்கும் இரண்டு ஜோடி உண்டு, அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாக்கெண்டையின் முதுகுத் துடுப்பு நடு முதுகிலிருந்து வால் பக்கம் வரை நீளமாக ஓடும். மகசீருடையது குட்டை, முக்கோணமாக நிமிர்ந்து நிற்கும். செதிலும் காட்டிக்கொடுக்கும். உடம்பின் நடுவே ஓடும் கோட்டில் ரோகுவுக்கு நாற்பதுக்கு மேல் செதில்கள், மகசீருக்கு முப்பதை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோதான். எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம், படத்தில் வீட்டில் எண்ணிக்கொள்ளலாம்.

மகசீர்தான் என்று தெரிந்ததும் நிறத்தைப் பாருங்கள். துடுப்பும் வாலும் ஆரஞ்சா, நீலச் சாம்பலா. தலையிலிருந்து முதுகு எழும்புகிறதா, சீராக வளைகிறதா. வெயில் மீன்மேல் விழும்படி நின்றுகொள்ளுங்கள், உங்கள் நிழல் விழுந்தால் எல்லாத் துடுப்பும் சாம்பலாகத்தான் தெரியும்.

படம் மூன்று போதும். முதலில் மீனின் முழுப் பக்கம், தலை முதல் வால் நுனி வரை, பக்கத்தில் டேப் ஒட்டிய கழி. அடுத்து, முதுகுத் துடுப்பு விரிந்த நிலையில், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே மூன்று நொடி தூக்கி ஒன்று. கடைசியாக வாயும் மீசையும். மீனை வெளியே தூக்கும்போதெல்லாம் நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முட்டும் முன்பே அது தண்ணீருக்குள் போய்விட வேண்டும். உங்கள் முகம் படத்தில் வராவிட்டால் குறையொன்றும் இல்லை.

யார் மீனைப் பிடிப்பது, யார் படம் எடுப்பது என்று முன்பே பேசி வைத்திருங்கள். நான் என் மனைவியின் தம்பியோடுதான் போவேன். மீன் மாட்டியதும் அவன் கைப்பேசியை எடுத்துவிடுவான். கூட்டம் கூடினால், மாமா மீனை விடப்போகிறார் என்று முதலிலேயே உரக்கச் சொல்லிவிடுவான். இது சின்ன விஷயம்போல் தோன்றும். ஆனால் 2008இல் என் மீனைக் கொன்றதில் பாதிப் பங்கு, தூக்கிப் பார்க்க வந்த கைகளுக்கு உண்டு. வேண்டாம் என்று சொல்ல எனக்கு அன்று நா எழவில்லை.

விடுவது

வீசாதீர்கள், தள்ளாதீர்கள். நீரோட்டம் மெதுவாக இருக்கும் இடத்தில், தலை ஓட்டத்தை எதிர்த்து இருக்கும்படி பிடித்துக்கொண்டு நில்லுங்கள். தண்ணீர் வாய்வழி புகுந்து செவுள்வழி போக வேண்டும். முன்னும் பின்னும் ஆட்டினால் தண்ணீர் செவுளில் தலைகீழாகப் புகும், அது உதவாது. சும்மா பிடித்திருந்தாலே போதும். இரண்டு நிமிடம் ஆகலாம், பத்து நிமிடமும் ஆகலாம். முதலில் செவுள் மூடி சீராக அசையத் தொடங்கும். பிறகு கை தளர்ந்தாலும் சாயாமல் நிற்கும். அதன் பிறகு வால் தண்டு உங்கள் பிடியை உதறும். அந்த உதறல் வரும் வரை விடாதீர்கள், வந்த பிறகு ஒரு நொடிகூடப் பிடிக்காதீர்கள்.

கண்ணுக்குப் புதிதான எல்லா மீனையும் இப்படி விடக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். உடம்பெல்லாம் கவசம்போல் கெட்டியான தகடுகளும் அடியில் உறிஞ்சும் வாயுமாக ஒன்று வந்தால், அது மீன்தொட்டியிலிருந்து யாரோ ஆற்றில் கொட்டிய தென்னமெரிக்க மீன். தொட்டி சுத்தம் செய்யும் மீன் என்று கடையில் விற்பார்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியும் வரும், அதை வளர்க்கவே நம் நாட்டில் தடை. இவை இரண்டையும் மறுபடி ஆற்றில் சேர்க்காதீர்கள்.

அன்றிரவு

2021 கார்த்திகையில், மழை ஓய்ந்து தண்ணீர் தெளியத் தொடங்கிய ஒரு காலையில், அதே ஆற்றில், அதே களி உருண்டையில் எனக்கு இரண்டாவது மகசீர் வந்தது. மாட்டியதிலிருந்து விட்டது வரை பதினான்கு நிமிடம். வால் என் மணிக்கட்டில் அடித்துவிட்டுப் போனது. தண்ணீரில் நின்றபடியே அழுதேன். மைத்துனன் ஒன்றும் கேட்கவில்லை.

படங்களை அன்றிரவே அதே ஆய்வாளருக்கு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. நீலத்துடுப்பு. திமில் மகசீராக இருக்கும் என்று நான் நம்பியிருந்தேன் என்பது உண்மை. ஆனால் இந்தப் பதிலும் ஒரு தகவல்தான். எங்கள் பகுதியில், இந்த மாதத்தில், இந்த அளவில் நீலத்துடுப்பு இருக்கிறது என்று இனி ஒருவர் ஆதாரத்தோடு சொல்லலாம்.

நீங்களும் அனுப்புங்கள். மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கோ, பக்கத்துக் கல்லூரியின் விலங்கியல் துறைக்கோ அனுப்பலாம். பார்த்த உயிரினங்களைப் படத்தோடு பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளத்தில் ஏற்றுவதானால் இடத்தை மறைக்கும் வசதியைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். எந்த மடு என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் அடுத்த வாரம் அங்கே வெடி வைக்க ஆள் வருவான். எங்கள் ஆற்றில் வெடிச்சத்தம் கேட்டிருக்கிறேன். ஒரு வெடியில் பெரிய மீன் நாலு மிதந்தால், விரல் நீளக் குஞ்சுகள் எத்தனை அடியில் போயினவோ கணக்கே இல்லை. அதனால் என் சொந்த அண்ணனிடம்கூட இடத்தைச் சொல்லவில்லை.

நோட்டில் எழுதுவதை மட்டும் மறுநாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள். இரவு தூங்கி எழுந்தால் மீன் பத்து சென்டிமீட்டர் வளர்ந்திருக்கும். அன்றைய பக்கத்தில் நான் எழுதியது இதுதான்:

காலை 6.38க்கு மாட்டியது. தண்ணீர் லேசான கலங்கல், இடுப்பளவு, குளிர்ச்சி. இரை கேழ்வரகுக் களி. முள் மேலுதட்டில், ஒரே திருப்பில் வந்தது. நீளம் 62 செ.மீ. மீசை இரண்டு ஜோடி. துடுப்பு நீலச் சாம்பல். முதுகில் திமில் இல்லை. இடது பக்கம் ஒரு பழைய காயத் தழும்பு, ஆறியிருக்கிறது. 6.52க்குத் தானாகப் போனது.